‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என்றால் ‘உறவில்லை’ என்று அர்த்தமா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறேன். என் அண்ணன் 2021 ஆடி மாதம் வீட்டை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை. சென்ற ஆண்டு மழைக்கு முன்னால், குப்பனூர்ப் பாதைக்குக் கீழே களை வெட்டப் போனவர்கள் சில எலும்புகளையும் ஒரு வெள்ளி அரைஞாண் கொடியையும் பார்த்தார்கள். காணவில்லை என்று புகார் கொடுத்தவள் நான் என்பதால் என் ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. எலும்பில் 9 மார்க்கர்களுக்கு மட்டுமே முடிவு கிடைத்ததாம். ‘12 மடங்கு’ என்று ஏதோ ஒரு கணக்கு. கடைசியில் ‘உடன்பிறந்தோர் உறவை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலவில்லை’. ஊரில், ‘ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறக்கலையாட்ட இருக்குது’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா, அப்பா இருவரும் இப்போது இல்லை. அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். நாகலூரில் சித்தப்பாவும் வாழப்பாடியில் அம்மாவின் தங்கையும் இருக்கிறார்கள். எல்லாரும் ரத்தம் கொடுக்கத் தயார். எத்தனை பேர் கொடுத்தால் உறுதியாகும்? எலும்பை வாங்கி எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். அது சரியா? அண்ணி, அண்ணன் போன நாளிலிருந்து பையனோடு ஆத்தூரில் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறார். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஊர்ப்பேச்சை ஓரம் கட்டிவிடலாம். அந்த அறிக்கை உங்களையும் உங்கள் அண்ணனையும் ஒப்பிடவே இல்லை. உங்களையும், யாருடையது என்று இன்னும் தெரியாத ஓர் எலும்பையும்தான் ஒப்பிட்டது. ‘ஒரே அப்பனுக்குப் பிறக்கவில்லை’ என்று பேசுகிறவர்கள், அந்த எலும்பு அண்ணனுடையதுதான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு பேசுகிறார்கள். அது தெரியாமல்தானே இத்தனை பாடு? உங்கள் பிறப்பைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. யாராவது வாய் திறந்தால் அறிக்கையைக் காட்டி, அண்ணன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. 12 மடங்கு என்பது உங்களுக்கு எதிரான எண் இல்லை. அந்த எலும்பு உங்கள் கூடப்பிறந்தவருடையது என்றால் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடையது என்றால் எவ்வளவு வாய்ப்பு, இரண்டையும் வகுத்தால் வருவது அது. தராசு உங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் ஒருவருக்கு இறப்புச் சான்று எழுத அந்தச் சாய்வு போதாது. டி.என்.ஏ. ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு ‘இயலவில்லை’ என்று எழுதியது நேர்மைதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஏன் 9 மார்க்கர்தான் கிடைத்தது? நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரு குட்டிச் சொல் திரும்பத் திரும்ப வரும். சலசல, மளமள என்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் இரண்டு தடவையோடு நிற்காது. உங்களுக்கு 15 தடவை என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு 17 இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு இரண்டு எண்: ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. இந்த இடங்களைத்தான் மார்க்கர் என்கிறோம். அமெரிக்காவின் தேசியத் தரவுத்தளம் 1990களில் 13 மார்க்கர்களோடு தொடங்கி, 2017இல் அதை 20 ஆக்கியது. இப்போது புழங்கும் கிட்டுகள் 20க்கு மேலும் பார்க்கும். முடிவு கணினித் திரையில் முகடு முகடாக வரும். இடது கோடியில் குட்டையான டி.என்.ஏ. துண்டுகள், வலது பக்கம் போகப் போக நீளமானவை. புது ரத்தம் என்றால் கடைசி வரை முகடுகள் நிமிர்ந்து நிற்கும். மண்ணில் கிடந்த எலும்பு என்றால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற மாதிரி, இடது பக்கம் மேடு, அப்புறம் சரிவு, கடைசியில் தரையோடு தரை. டி.என்.ஏ. இழை பொடிப்பொடியாக அறுந்துபோனதால் நீளமான துண்டே மிஞ்சவில்லை என்று பொருள்.

உங்கள் மலை மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சவுக்கு மர நிழலில் (நீங்கள் சில்வர் ஓக்கைச் சவுக்கு என்றுதானே சொல்கிறீர்கள்) இலைச் சருகு மக்கி மக்கிக் கறுத்த ஈர மண். காப்பிக்கு அது சொர்க்கம், எலும்புக்கு எமன். மண்ணின் புளிப்பு எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும். மக்கிய சருகிலிருந்து வரும் பழுப்புச் சாறு எலும்புக்குள் ஊறி, டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் வேதிவினையையே முடக்கிவிடும். பிரித்தெடுத்த திரவம் வெளுப்பாக இல்லாமல் டீத்தண்ணி நிறத்தில் இருந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்தது உங்கள் உறவின் கணக்கு. அப்பாவும் பிள்ளையும் என்றால் ஒவ்வொரு மார்க்கரிலும் ஓர் எண்ணாவது பொதுவாக இருந்தே தீரவேண்டும் (தலைமுறை மாறும்போது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தடவை எண் பிசகும், அதற்குத் தனிக் கணக்கு உண்டு). அண்ணன் தங்கைக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் அண்ணனுக்கு அம்மாவின் இந்த எண்ணும் அப்பாவின் இந்த எண்ணும் போயிருக்கும். தங்கைக்கு மற்ற இரண்டும் வந்திருக்கும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே நாலில் ஓரிடத்தில் இப்படி எதுவுமே பங்கு இல்லாமல் போவது இயல்பு. ஆனால் கணக்கில் அப்படி ஒவ்வோர் இடமும் மொத்த எடையை (அந்த ‘12 மடங்கு’ போன்ற எண்ணை) நாலில் ஒன்றாகக் குறைத்துவிடும். 20 மார்க்கர் இருந்தால் மற்றவை அதை ஈடுகட்டும். 9 தான் என்றால் இரண்டு இடம் இப்படிப் போனாலே கணக்கு தள்ளாடிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

எத்தனை பேர் கொடுத்தால் உறுதியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதுதான் முக்கியம். அந்த ஆளைப் போகிற போக்கில் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள்: ஆத்தூரில் இருக்கும் உங்கள் மருமகன், அண்ணனின் பையன்.

புகார் கொடுத்தவரிடமே மாதிரி எடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு வருவது அவர்தான் என்பது காரணம். ஆனால் ஒரு சடலத்தை உறவினரை வைத்து அடையாளம் காண வேண்டுமானால், இறந்தவரின் பெற்றோர் இருவரும் இருந்தால் அது முதல் தரம். அவர்கள் இல்லாவிட்டால், பிள்ளையும் பிள்ளையின் தாயும். கூடப்பிறந்தவர்கள் அதற்குப் பிறகுதான். 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்து நடந்த அன்றே பெற்றோரும் பிள்ளைகளும் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், கவனித்திருப்பீர்கள்.

தாய் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு மார்க்கரை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போடுபவை. பையனுக்கு 16, 17. அண்ணிக்கு 16, 16. அப்படியானால் பையனின் 16 அம்மா கொடுத்தது. 17 அப்பனிடமிருந்துதான் வந்தாக வேண்டும். எலும்பில் 15, 17 இருக்கிறது. பொருந்துகிறது. ஆனால் 17 என்பது ஊரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், எவனோ ஒருவனுக்கும் அது பொருந்தலாம். அப்பன் என்றால் இரண்டில் ஒரு தடவை 17ஐக் கொடுப்பான், வேறொருவன் என்றால் ஐந்தில் ஒரு தடவை. வகுத்தால் 2.5. அதாவது இந்த ஒரு மார்க்கர் தரும் எடை இரண்டரை மடங்கு. பார்க்கக் கொஞ்சம்தான். ஆனால் மார்க்கருக்கு மார்க்கர் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இதே எடையில் 9 மார்க்கர் என்றால் 3,800க்கு மேல். 15 என்றால் 9 லட்சத்தைத் தாண்டும். 20 என்றால் 9 கோடி. அண்ணி வராமல் பையன் மட்டும் வந்தால், அவனுடைய 16 அப்பனுடையதா 17 அப்பனுடையதா என்று தெரியாது. எடை பாதிக்குப் பாதி குறையும். அதே ஒன்பது மார்க்கர்தான், உங்களை வைத்துப் பார்த்தபோது 12. பையனையும் தாயையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போக வாய்ப்பு இருக்கிறது. உங்கள் மாதிரியும் வீண் போகாது. மூவரையும் ஒரே வம்ச வரைபடத்தில் வைத்துக் கணக்குப் போடலாம், போடச் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையின் கதையே உறவைத் தேடித்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். மறு வருஷம் அவரிடம் வந்த முதல் வழக்கு கொலையோ கொள்ளையோ இல்லை. கானாவிலிருந்து தாயிடம் திரும்பி வந்த ஒரு பையனை, ‘இவன் உன் மகன்தானா, அக்கா தங்கை மகனா’ என்று குடியேற்ற அதிகாரிகள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பன் கைக்குக் கிடைக்கவில்லை. ஜெஃப்ரீஸ் என்ன செய்தார்? தாயையும் அவளுடைய மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்து, பிள்ளைகளிடம் தாயிடம் இல்லாதவை எவை என்று பிரித்து, இல்லாத அப்பனைத் தாளில் வரைந்தார். பையனுக்கு அது பொருந்தியது. இல்லாதவரை இருக்கிறவர்களை வைத்துக் கட்டியெழுப்புவது அன்றைக்கே நடந்த வேலை.

சரி, சித்தப்பா, சித்தி?

இதை விளக்க இங்கிலீஷ்காரன் படாத பாடு படுவான். அவனுக்குச் சித்தப்பாவும் ஒன்று, மாமாவும் ஒன்று. நமக்குச் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. பங்காளி வழியில் மட்டும் இறங்குவது ஒய் குரோமோசோம்: தாத்தா, அப்பா, சித்தப்பா, அண்ணன், அண்ணன் பையன், எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. தாய் வழியில் மட்டும் இறங்குவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.: பாட்டி, அம்மா, மாமா, சித்தி, நீங்கள், உங்கள் அண்ணன். மாமாவுக்கு அது வரும், ஆனால் மாமாவின் பிள்ளைகளுக்குப் போகாது. மாமன் மகள் நமக்குப் பங்காளி இல்லை என்று கட்டிக்கொள்கிறோமே, அவளிடம் நம் ஒய்யும் கிடையாது, நம் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. எதிர்ப்புறத்தில் மரபணு நம் சொற்களைச் சட்டை செய்யாத இடமும் உண்டு. தாத்தா, சித்தப்பா, ஒரே அப்பனுக்கு வேறு தாயிடம் பிறந்த அண்ணன்: நமக்கு மூன்று முறை, மூன்று மரியாதை. சாதாரண மார்க்கர்களைக் கொண்டு பார்த்தால் மூன்றும் ஒரே எடை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவே முடியாது.

உங்கள் குடும்பத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். கொஞ்சம் தாள் எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அப்பாவைப் பெற்ற பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா அப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும், அத்தைக்கும் வந்திருக்கிறது. அத்தையிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும், அம்மாவிடமிருந்து உங்களுக்கும் அண்ணனுக்கும். ஆக உங்கள் வீட்டில் அப்பா வழியும் அம்மா வழியும் இந்த விஷயத்தில் ஒரே நூல். வழக்கமாகப் பங்காளியிடம் கிடைக்காத தாய்வழி டி.என்.ஏ. உங்கள் சித்தப்பாவிடம் இருக்கிறது! ஆகவே தாய்வழிச் சோதனைக்காக வாழப்பாடிச் சித்தியை பஸ் ஏற்ற வேண்டியதில்லை. அவரிடம் இருப்பது உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, அதுவும் ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

அக்கா மகளைக் கட்டிய விஷயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கட்டாயம் எழுத்தில் சொல்லுங்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு எட்டில் ஓரிடத்தில் அம்மா தந்ததும் அப்பா தந்ததும் ஒரே முன்னோரின் ஒரே எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. இதனால் உங்கள் குடும்பத்தில் தூரத்து உறவுகூடக் கொஞ்சம் கிட்டத்து உறவு போலத் தெரியும். மென்பொருளுக்கு இதைச் சொல்ல வழி இருக்கிறது. சொல்லாவிட்டால் அது உங்கள் அம்மாவும் அப்பாவும் அந்நியர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்திலாவது எழுதுங்கள். நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு இதைப் பார்த்தாலே புரியும்.

எலும்பில் மைட்டோகாண்ட்ரியா சோதனை செய்யக் கேளுங்கள். ஒரு செல்லில் சாதாரண டி.என்.ஏ. இரண்டு பிரதிதான், இது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் மக்கிய எலும்பிலும் பிழைத்துக் கிடக்கும். உங்களோடு தெளிவாக மாறுபட்டால், அது அண்ணன் இல்லை, அதோடு முடிந்தது. பொருந்தினால்? ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் அது போகாது, ஏனென்றால் அந்தத் தாய்வழியில் வந்த எல்லாருக்கும் அதே வரிசை. கதவை மூட நல்ல பூட்டு, திறக்கப் பாதிச் சாவி.

எந்த எலும்பிலிருந்து எடுத்தார்கள் என்றும் அறிக்கையில் பாருங்கள். விலா எலும்பு, விரல் எலும்பு என்றால், தொடை எலும்பின் நடுப்பகுதியோ கடைவாய்ப் பல்லோ காதுக்குள் இருக்கும் கல்லெலும்போ கிடைத்ததா என்று கேட்டு, அதில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். உடம்பிலேயே கெட்டியானது அந்தக் காதெலும்புதான். ஒன்பது மார்க்கர் பதினைந்தாக மாற அது ஒன்றே போதுமானதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் உபயோகித்த பொருள் ஏதாவது பத்திரமாக இருந்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் இதில் நான் சூடு பட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆற்றில் கிடைத்த ஓர் ஆண் உடலுக்காக ஒரு குடும்பம் பச்சைப் பிடி போட்ட பல் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தது. மயிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் பேஸ்ட் கல்லாக இறுகிக் கிடந்தது. ‘அவரோடதுதான் கண்ணு’ என்று அவருடைய அம்மா என் கையில் கொடுத்தார். சோதித்தேன், பொருந்தவில்லை, அப்படியே எழுதிக்கொடுத்தேன். மூன்று மாதம் அந்தக் குடும்பம் ஊர் ஊராகத் தேடியது. அப்புறம் அந்த அம்மாவின் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தபோது, உடல் அவர் மகனுடையதுதான். பிரஷ் வீட்டுக்கு வந்து தங்கிப்போன மைத்துனருடையது. பிரஷ்ஷையும் தாயையும் முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு, பொருள் எது வந்தாலும் அது அந்த வீட்டு ரத்தம்தானா என்று முதலில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணனுக்கு எப்போதாவது ஆபரேஷன் செய்து சதைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதைச் சொல்லுங்கள். மெழுகில் பதித்த அந்தக் கட்டியைச் சில மருத்துவமனைகள் வருஷக்கணக்கில் வைத்திருக்கும். அது அண்ணனே நேரில் வந்த மாதிரி.

அரைஞாண் கொடியை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரே அச்சில் எத்தனை கொடி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காகத் தூக்கியும் போட வேண்டாம். கொடியில் ஒட்டுப்போட்ட இடம், மாற்றிய கொக்கி என்று வீட்டார் மட்டும் அறிந்த அடையாளம் இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

எரித்துவிடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். உங்கள் பெரியவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது, நாலு வருஷமாகத் திதி கொடுக்க முடியாத வீடு. ஆனால் வெள்ளையாக நீற்றுப்போன எலும்பில் தேட ஒன்றுமே மிஞ்சாது. அது உங்கள் அண்ணன் இல்லையென்றால், வேறு எந்த ஊரிலோ காத்திருக்கும் ஒரு தாயின் பிள்ளையையும் சேர்த்து எரித்துவிடுகிறீர்கள். 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு புத்துமலையில் அடையாளம் தெரியாதவர்களை எண் போட்டுப் புதைத்தார்கள், டி.என்.ஏ. முடிவு வந்தபின் எண்ணை வைத்துப் பெயரைத் தேடினார்கள். எலும்பை நிலையத்திலோ மருத்துவமனையிலோ வைக்க இடமில்லை என்றால் அதையே கேளுங்கள்: எண்ணோடு புதைக்கட்டும், ஒரு பல்லும் ஒரு துண்டு எலும்பும் முத்திரையோடு வெளியே இருக்கட்டும்.

இனி, எழுதத் தயங்கிய விஷயம். பையனைச் சோதிக்கும்போது எலும்போடு பொருந்தவில்லை என்று வந்தால், அதற்கு முதல் அர்த்தம் அது அண்ணனின் எலும்பு இல்லை என்பது. ஆனால் உறவுச் சோதனையில் எப்போதாவது, கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிடும். அதனால்தான் சித்தப்பாவை முதலிலேயே அழைக்க வேண்டாம் என்கிறேன். பங்காளிகள் எல்லாரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, எல்லா ஒய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அண்ணனைத் தேடப்போய் வேறு எதையோ தோண்டுவது போலாகிவிடும். தேவையான மூன்று பேர் போதும். கணக்கு எட்டாவிட்டால் மட்டும் அவர். அண்ணியிடமும் இதை மறைக்காமல் ஆய்வாளரோ மருத்துவரோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். பையன் மைனர், சம்மதம் அவருடையது. எது வந்தாலும், திருமண வாழ்க்கையில் பிறந்த பிள்ளையைச் சட்டம் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது.

அண்ணியை எப்படிக் கேட்பது? சொத்துக்காக வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். உண்மையில் இந்தச் சோதனையால் லாபம் அவருக்குத்தான், அதை நேராகச் சொல்லிவிடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியும் மகனும் முதல் வகுப்பு வாரிசுகள். கூடப்பிறந்த நீங்கள் இரண்டாம் வகுப்பு, அவர்கள் இருக்கும்போது உங்களுக்குப் பங்கு வராது. அடையாளம் உறுதியானால் அவருக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வழி. இல்லையென்றால் ஏழு வருஷம் தகவல் இல்லை என்று நிரூபித்து நீதிமன்றம் போக வேண்டும். உங்கள் கணக்கில் அது 2028 ஆடி.

காரியம் நடக்க வேண்டிய வழி சுருக்கமாக: விசாரணை அதிகாரிக்கு வழக்கு எண் போட்டு மனு கொடுங்கள். அண்ணி, பையன் மாதிரிகளைச் சேர்க்கவும், மூவரையும் சேர்த்துக் கணக்கிடவும், கெட்டியான எலும்பில் மறுசோதனையும் தாய்வழிச் சோதனையும் செய்யவும் என்று தெளிவாக எழுதுங்கள். அவர் மூலமாகத்தான் போக வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டித் தனியாரிடம் செய்துகொள்ளும் சோதனை வேண்டாம். ரத்தம் யாருடையது என்று சாட்சி சொல்ல அங்கே ஆள் இல்லை. அரசு மருத்துவமனையில், புகைப்படம் ஒட்டிய படிவத்தில் கையெழுத்து வாங்கி, மருத்துவரே எடுத்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். 2025 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், டி.என்.ஏ. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மனுவில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், தப்பில்லை. அண்ணிக்கோ பையனுக்கோ அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

ஆத்தூருக்குத் தனியாகப் போங்கள். சித்தப்பாவையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பையனுக்குப் பரீட்சை இருந்தால் முடியட்டும். அவனுக்கு ஊசியென்றால் பயமா என்று கேளுங்கள். விரல் நுனியில் ஒரு குத்து, அட்டையில் நாலு சொட்டு, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள்.